தேஜஸ் விற்கவில்லை, காட்டுப்பள்ளிப் படகு விற்றது

2022 ஜூன் 9 அன்று வியட்நாமின் ஹாய் ஃபோங் நகரில், அந்நாட்டு எல்லைக் காவல் படைக்கான 12 அதிவேகப் படகுகளை நம் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்படைத்தார். அவற்றில் முதல் ஐந்தும் எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளி எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தவை. மீதி ஏழையும் வியட்நாமின் ஹாங் ஹா தளத்திலேயே நம்மவர்களின் உதவியோடு அவர்களே கட்டிக்கொண்டார்கள். பணம், இந்தியா அந்நாட்டுக்குக் கொடுத்த 10 கோடி டாலர் கடனிலிருந்து வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்கக் கடற்படையின் 'சார்ல்ஸ் ட்ரூ' கப்பல் பழுதுபார்ப்புக்காக அதே காட்டுப்பள்ளியில் வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று பழுது நீக்கிக்கொள்ள இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை.

இரண்டு செய்திகளும் சத்தமில்லாமல் வந்து போயின. அதே ஆகஸ்டில் தலைப்புச் செய்தியானது தேஜஸ். மலேசியாவுக்கு 18 தேஜஸ் போர் விமானங்கள் தர முன்வந்திருப்பதாகவும், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரை ஆர்வம் காட்டுவதாகவும் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. தொலைக்காட்சிகள் அன்றைக்கே விமானத்தை விற்றுவிட்டன. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரியில், மலேசியா தென்கொரியாவின் எஃப்.ஏ-50 விமானத்தைத் தேர்ந்தெடுத்தது. 18 விமானங்கள், 92 கோடி டாலர். அர்ஜென்டினா, எகிப்து என்று அடுத்தடுத்துப் பெயர்கள் அடிபட்டன. 2025 முடியும்வரை ஒரு தேஜஸ்கூட எந்த நாட்டுக்கும் விற்கப்படவில்லை.

ஏன் விற்கவில்லை என்று கேட்டால் டெல்லியில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: வல்லரசுகளின் அரசியல். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதிக் கதையைப் புரிந்துகொள்ள ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருமுறை போய்வந்தால் போதும் என்பது என் கட்சி.

முதலில் விலை. 'மலிவு விலைப் போர் விமானம்' என்பதுதானே தேஜஸின் விளம்பரம்? 2021-ல் தேஜஸின் மார்க்-1ஏ வகை விமானம் ஒன்றின் அடிப்படை விலை 309 கோடி ரூபாய் என்று, அதைத் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் தலைவர் சொன்னார். 2025 செப்டம்பரில் நம் விமானப்படைக்கு 97 விமானங்கள் வாங்கப் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 62,370 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால், உடன் வரும் கருவிகளையும் சேர்த்து ஒன்றுக்கு 640 கோடிக்கு மேல். மலேசியா கொரியாவுக்குக் கொடுத்தது, அன்றைய மதிப்பில் ஒன்றுக்குச் சுமார் 420 கோடி. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் உள்ளடக்கம் வேறு, விமானத்தின் திறனும் வேறு. இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாதுதான். என்றாலும், நாம் மலிவாக விற்றும் வாங்க ஆளில்லை என்ற பேச்சு எடுபடாது. பாகங்களில் கணிசமானவற்றை டாலர் கொடுத்து வாங்கிப் பொருத்தி, ஆண்டுக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவில் தயாரித்தால் எந்தப் பொருளும் மலிவாகாது.

அடுத்தது இன்ஜின். தேஜஸின் வயிற்றுக்குள் ஓடுவது அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தின் எஃப்-404. நம்முடைய காவேரி இன்ஜின் திட்டம் 1989-ல் தொடங்கியது. எதிர்பார்த்த உந்துவிசை கிடைக்காததால் 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. 2021-ல் 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, 99 இன்ஜின்களுக்கும் ஆர்டர் கொடுத்தோம். முதல் இன்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். தாமதத்துக்கு அமெரிக்காவை ஏசுவது சுலபம். நாம் முன்பு வாங்கிய 65 இன்ஜின்களை 2016-க்குள் கொடுத்து முடித்த ஜி.இ., அடுத்த ஆர்டர் வராததால் அந்த வகைக்கான உற்பத்தி வரிசையையே மூடிவிட்டது. ஐந்து வருடம் நாம் கோப்பு புரட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆர்டர் கொடுத்தபோது, அவர்கள் சப்ளையர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து வரிசையை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. திருவொற்றியூரில் நாலு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவருக்குக்கூட இது தெரியும்: ஆர்டர் நின்றால் ஆள் போய்விடுவான், ஆள் போனால் வேலை போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், மலேசியாவில் நம்மை வென்ற கொரிய விமானத்தில் இருப்பதும் அதே எஃப்-404 குடும்பத்து இன்ஜின்தான். சுவீடனின் கிரிப்பனின் முந்தைய வகைகளில் இருப்பதும் அதன் தழுவல்தான். அமெரிக்க அனுமதி அவர்களுக்கும் தேவை. பிறகு எப்படி விற்கிறார்கள்? 2022 செப்டம்பரில் போலந்து 48 எஃப்.ஏ-50 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 2023 டிசம்பருக்குள் முதல் 12 விமானங்கள் போலந்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மீதி 36, போலந்துக்கென்று மாற்றியமைக்கப்படும் வகை. அது தாமதமாகிறது, கொரியர்களும் தேவர்கள் இல்லை. ஆனாலும் பதினைந்து மாதத்தில் பன்னிரண்டு விமானம் என்பது கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கணக்கு. நம் மார்க்-1ஏ முதன்முதலில் பறந்தது 2024 மார்ச் 28-ல். விமானப்படைக்கு அது கிடைக்கத் தொடங்கியிருக்க வேண்டியதும் அதே ஆண்டுதான். 2025 முடிந்தும் ஒன்றுகூட முறைப்படி படையில் சேரவில்லை. அதற்குள் மிக்-21 விமானங்களுக்குச் சண்டிகரில் விடைகொடுத்தாயிற்று. 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய படையில் இருப்பது 29. குறித்த நேரத்தில் முடிந்த ஒரு திட்டம்கூடத் தன் நினைவுக்கு வரவில்லை என்று விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங்கே 2025 மே மாதம் பொதுமேடையில் சொன்னார். சொந்தப் படைக்கே தேதி சொல்ல முடியாத பொருளை அயல்நாட்டுத் தளபதி எதை நம்பி வாங்குவார்?

போர் விமானம் வாங்குவது சம்பந்தம் பேசுவதைப் போன்றது. முப்பது வருடத்துக்கான உறவு அது. டயரிலிருந்து திருகாணி வரை விற்றவனிடமே போய் நிற்க வேண்டும். ஆகவே வாங்குகிற நாடு விலைப்பட்டியலைக் கடைசியில்தான் புரட்டும். ஸ்பேர் கிடைக்குமா, எத்தனை நாளில் கிடைக்கும், சண்டை வந்தால் யார் தடுப்பார்கள் என்பதே முதல் கேள்வி. அர்ஜென்டினா விஷயத்தில் மூன்றாவது கேள்வி நம்மை மாட்டிவிட்டது. தேஜஸின் விமானியைத் தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கை பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் தயாரிப்பு. 1982 ஃபாக்லாந்து போருக்குப் பிறகு அர்ஜென்டினாவுக்குத் தன் ராணுவப் பாகம் எதுவும் போகக் கூடாது என்பது பிரிட்டனின் கொள்கை. ஓர் இருக்கை போதும், விமானம் முழுவதும் தடைப்பட. கடைசியில் 2024 ஏப்ரலில் அர்ஜென்டினா டென்மார்க்கின் பழைய எஃப்-16 விமானங்கள் 24-ஐ வாங்கிக்கொண்டது.

இரண்டாவது கேள்விக்கு நாம் ஏற்கெனவே ஒரு தேர்வு எழுதித் தோற்றிருக்கிறோம். எக்குவடாருக்கு 2009-ல் ஏழு 'துருவ்' ஹெலிகாப்டர்களை விற்றது எச்.ஏ.எல். தென் அமெரிக்கச் சந்தையில் அதுதான் முதல் கால். 2015-க்குள் நான்கு விழுந்தன. விமானிகளின் தவறு என்றது நம் தரப்பு. ஒப்பந்தப்படி உதிரிப் பாகங்கள் வந்துசேரவில்லை என்றது அவர்கள் தரப்பு. எக்குவடார் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, பக்கத்து நாடுகளின் காதில் என்ன விழுந்தது என்பதே வியாபாரத்தில் முக்கியம்.

2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து, விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். ஏற்றுமதிக் கனவு அன்றே முடிந்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரிப்பன் 1993-ல் ஸ்டாக்ஹோம் நகரின் நடுவே, கூடியிருந்த மக்களின் கண்ணெதிரே விழுந்தது; பிற்பாடு ஹங்கேரி, செக், தாய்லாந்து, பிரேசில் என்று வாங்கியவர்கள் ஏராளம். பிலிப்பைன்ஸின் எஃப்.ஏ-50 ஒன்று 2025 மார்ச்சில் மலையில் மோதி இரு விமானிகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அதே நாடு மேலும் 12 எஃப்.ஏ-50 வாங்க ஒப்பந்தம் போட்டது. பத்து வருடம் ஓட்டிப் பார்த்த வாடிக்கையாளர் ஒரு விபத்துக்காக ஓடிவிட மாட்டார். நமக்கு அந்தப் பத்து வருட வாடிக்கையாளர் இல்லை என்பதுதான் குறை.

வாடிக்கையாளரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வித்தை இந்நாட்டுக்குத் தெரியாத ஒன்றா? வட சென்னையைப் பாருங்கள். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, ஆஸ்டின் கார்களின் பாகங்களைக் கப்பலில் இறக்கி எண்ணூரில் பூட்டிக் கொடுத்த கம்பெனிதான் அசோக் லேலண்ட். பூட்டுவதில் தொடங்கி, பாகம் பாகமாக இங்கேயே செய்யக் கற்று, பிறகு ராணுவத்துக்கு 'ஸ்டாலியன்' லாரி செய்தது. இன்று நம் ராணுவத்தின் சரக்குப் போக்குவரத்துக்கு முதுகெலும்பே அதுதான். இலங்கையில் 1982-லேயே லங்கா அசோக் லேலண்ட் என்று கூட்டு நிறுவனம் தொடங்கி, அங்கேயே பஸ் கூண்டு கட்டி, அங்கேயே பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். கொழும்பில் லேலண்ட் பஸ் ஓடுவதற்கு விலை ஒரு காரணம். எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவான் என்பது பெரிய காரணம்.

என்ஃபீல்டு கதை இன்னும் சுவையானது. இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்குப் புல்லட் கேட்டது. அந்த ஆர்டரின் தெம்பில்தான் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய்க் கம்பெனி 1970-ல் இங்கிலாந்தில் மூச்சை நிறுத்தியது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் அதே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ராணுவம் தடையில்லாமல் வாங்கியது, தொழிலாளி ஒரே வேலையை வருடக்கணக்கில் செய்து கை தேறினான், பிறகு வெளிநாடு. தேஜஸுக்கு நாம் செய்யத் தவறியது சரியாக இதைத்தான். விமானப்படை பத்தும் இருபதுமாக, தயங்கித் தயங்கி ஆர்டர் கொடுத்தது, எச்.ஏ.எல். அதற்கேற்ற வேகத்தில் அசைந்தது. பழியை இருவரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள்.

எம்.ஆர்.எஃப். பற்றியும் ஒரு வரி. 1946-ல் கே.எம். மாம்மென் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த தொழில் அது. இன்று அந்தக் கம்பெனி சுகோய்-30 போர் விமானத்துக்கு டயர் செய்கிறது. பலூனிலிருந்து சுகோய்க்கு நேர்வழி கிடையாது. நடுவில் சைக்கிள் கடைக்காரர், லாரி ஓட்டுநர், அமெரிக்க டயர் வியாபாரி என்று எத்தனையோ பேருடைய வசவுகளைக் கேட்டுத் திருத்திக்கொண்ட வருடங்கள் இருக்கின்றன.

தேஜஸிலும் தமிழ்நாட்டுக் கை நிறைய இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இறக்கைகள் கோவையில் எல் அண்ட் டி ஆலையில் உருவாகின்றன. காற்றை உள்ளிழுக்கும் பகுதி கோவை எல்.எம்.டபிள்யூ. தயாரிப்பு. இன்ஜினிலிருந்து விமானத்தின் மற்ற கருவிகளுக்குச் சக்தியைக் கடத்தும் தண்டு, மிக வேகமாகச் சுழலும் சிக்கலான பாகம். அதை வடிவமைத்தது ஆவடியில் டாங்கிகளுக்காக இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம். 2023 மார்ச் 14 அன்று அந்தத் தண்டோடு தேஜஸ் பெங்களூருவில் பறந்து காட்டியது. முதல் இரண்டு தேஜஸ் ஸ்குவாட்ரன்களும் குடியேறிய தளம் சூலூர். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என ஐந்து மையங்கள். ஆனால் சென்னை மையம் என்றால் நடைமுறையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகால்தான். வடக்கே நிலக்கரியும் சாம்பலும், தெற்கே விமானப் பூங்கா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது மீனவர்கள் வாளியால் அள்ளினார்களே, அந்த ஊருக்கு இந்த வழித்தடத்தில் என்ன பங்கு என்று யாரும் கேட்கவில்லை.

இந்தியா முன்பும் ஒருமுறை இந்தப் பாதையில் நடந்து பார்த்தது. ஜெர்மானியர் கர்ட் டாங்க் பெங்களூருவில் வடிவமைத்த 'மாருத்' 1961 ஜூன் 17-ல் பறந்தது. கூடு அருமை, இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை. அதே காலத்தில் நாசரின் எகிப்து, எச்.ஏ-300 என்ற போர் விமானத்தைச் செய்துகொண்டிருந்தது. 1964-ல் அதை முதன்முதலில் வானில் ஏற்றியவர் இந்திய விமானப்படையின் கபில் பார்கவா. எகிப்தின் இன்ஜினை மாருத்தில் பூட்டலாம் என்று இரு நாடும் கூடிப் பேசின. 1969-ல் எகிப்து கைவிட்டது, பேச்சும் போயிற்று. 147 மாருத்களோடு கதை முடிந்தது. ஏழை நாடுகள் சேர்ந்து மலிவான விமானம் செய்வது என்ற அந்தக் கனவு தோற்ற இடம் இன்ஜின். அறுபது வருடம் கழித்தும் நாம் நிற்பது அதே இடத்தில்தான். 2025 நவம்பரில் இன்னும் 113 அமெரிக்க இன்ஜின்களுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். தவறென்று சொல்ல மாட்டேன், வேறு வழியில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட கையோடு 'தற்சார்பு' என்று முழங்குவதைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

விற்க முடியுமா என்ற கேள்விக்குப் பின்னால் யாருக்கு விற்பது என்ற கேள்வி நிற்கிறது. தமிழர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்யும் ஜே.எஃப்-17, ரஷ்ய இன்ஜினோடு, மியான்மர், நைஜீரியா, அஜர்பைஜான் வரை போயிருக்கிறது. விற்பனைக் கணக்கில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள் என்று நம் நிபுணர்கள் பொறாமைப்படுகிறார்கள். மியான்மர் ராணுவம் 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு விமானங்களை ஏவியது சொந்தக் கிராமங்கள் மேல். அதே ராணுவத்துக்கு 2020-ல் நீர்மூழ்கிக் கப்பல் கொடுத்தது நாம்தான். இலங்கை 1996-ல் இஸ்ரேலிடம் பழைய கிஃபிர் விமானங்களை மலிவாக வாங்கிக்கொண்டது. 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு வள்ளிபுனத்தில், செஞ்சோலை வளாகத்தில் இலங்கை விமானப்படை வீசிய குண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். மலிவு விலைப் போர் விமானம் என்பது பெரும்பாலும் பணமில்லாத அரசுகளுக்கானது. அவற்றில் பல, எல்லைக்கு வெளியே இருக்கும் எதிரியைவிட உள்ளே இருக்கும் குடிமக்களைத்தான் குறிவைக்கின்றன. ஆயுத ஏற்றுமதி அனுமதிகளை நாடாளுமன்றம் விவாதித்து நான் பார்த்ததில்லை. 2024-25-ல் பாதுகாப்பு ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய், 2029-க்குள் 50,000 கோடி இலக்கு என்று பெருமையோடு அறிவிக்கிறார்கள். யாருக்கு, எதற்கு என்பதற்கும் ஒரு பட்டியல் மக்கள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

அந்த 23,622 கோடியில் 15,233 கோடி தனியார் நிறுவனங்களின் ஏற்றுமதி. முழுப் போர் விமானம் ஒன்றுகூட அதில் இல்லை. பாகங்கள், வெடிபொருட்கள், படகுகள், மென்பொருள், துணைக் கருவிகள். பெயர் வராது, ஊர்வலம் வராது, வேலை வரும். காட்டுப்பள்ளி இந்த வரிசையில்தான் வருகிறது. வியட்நாமுக்கு நாம் கொடுத்தது படகு மட்டும்தானா? கடன், வரைபடம், அவர்கள் ஊரிலேயே கட்டும் வாய்ப்பு, எல்லாம் சேர்ந்த பொட்டலம் அது. மலேசியாவிடமும் சுகோய் விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடம் அமைத்துத் தருகிறோம் என்று எச்.ஏ.எல். சொன்னது, யோசனை நல்லது. சொன்னவரின் கையில், நேரத்துக்குக் கொடுத்துக் காட்டிய ஒரு பழைய பில் இல்லை.

ஆகவே இன்னும் ஐந்து வருடத்துக்குத் தேஜஸை எந்தக் கண்காட்சிக்கும் விற்பனைப் பொருளாகக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். நம் படைக்கான 180 மார்க்-1ஏ விமானங்களை ஒவ்வொரு காலாண்டிலும் எத்தனை கொடுத்தோம், எத்தனை தவறினோம், ஏன் என்று பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்கட்டும். அந்தக் கணக்கு ஒழுங்கானால் வாங்குகிறவர்கள் சூலூருக்குத் தேடி வருவார்கள். இன்ஜினுக்கான பணத்தைப் பட்ஜெட்டில் வருடா வருடம் ஏற்றி இறக்காமல் ஒதுக்கட்டும். தமிழ்நாடு அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: வல்லம் வடகாலில் கட்டியது போதும். கப்பல் தகட்டை வெல்டிங் செய்கிறவர்களும், புல்லட்டுக்கும் லேலண்டுக்கும் பாகம் கடைந்து கொடுத்தவர்களும் தலைமுறையாக இருக்கும் இடம் திருவொற்றியூரும் மணலியும். விமானப் பாகங்களைத் துல்லியமாகக் கடையவும் சோதிக்கவும் கற்றுக்கொடுக்கும் கூடம் ஒன்றை அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ அங்கே தொடங்க வேண்டும். இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். மூடிக் கிடக்கும் பழைய ஆலைகளே அங்கே வேண்டிய மட்டும் இருக்கின்றன.